நீ போன பிறகு வந்த வெளிச்சம்

என் அன்புள்ள பிரகாஷ் அண்ணே,

நம்மூர் குளுவாங் முதல் மேலுலகம் வரையிலுள்ள சகலருக்கும் பணிவன்புடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டப்பட்டுவிட்டது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்லா" என்று நீ வருடக்கணக்கில் தள்ளிப்போட்டாயே, அதே தாழ்ப்பாள்தான். உள்ளே ஆள் இருப்பதைக் காட்ட இனி யாரும் பாட்டுப் பாட வேண்டியதில்லை. அந்த நன்னாளில் நம் வீட்டில் மௌன அஞ்சலி அனுசரிக்கப்பட்டது. பாட ஆளில்லாததால் அது தானாகவே நடந்தது.

உன் முதலாமாண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று போடலாம் என்றார் அம்மா. அந்தப் படத்தில் நீ அடையாள அட்டைக்கு முறைத்தபடி இருக்கிறாய், வேண்டாம், நான் கடிதம் எழுதுகிறேன், அதைப் போடுவோம் என்றேன். அதனால் இதை ஊரே படிக்கும். படிக்கட்டும். என் புகார் ஊருக்கும் தெரியட்டும்.

புகார் இதுதான். அந்தத் தாழ்ப்பாளை மாட்டியவன் பெயர் சேகர்.

சேகர் யார்? பக்கத்து ஊர் பாலோவிலிருந்து வருகிறவன். உன்னைவிட இரண்டு மூன்று வயது இளையவனாக இருப்பான். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா இல்லை. செவ்வாய், வியாழன், சனி மதியம் ரத்தம் கழுவ வருகிறான். உன் டயாலிசிஸ் நிலையம், உன் நேரம், ஜன்னலோரத்து உன் நாற்காலி. சாய்ந்து உட்கார்ந்து, நீ பார்த்த அதே ரயில் பாதையைப் பார்க்கிறான். நாற்காலியின் கைப்பிடியில் நீ நகத்தால் சுரண்டிய இடம் இன்னும் இருக்கிறது. அவன் கை அதன் மேல்தான் கிடக்கும்.

சரி, நாற்காலி எல்லாருக்கும் பொது. ஆனால் அவன் வந்த நேரம் பார்த்து மிஷினும் புதிதாக வந்துவிட்டது அண்ணே. அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

உன் காலத்தில் எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? ரத்தம் நன்றாகக் கழுவப்பட்டதா இல்லையா என்று தெரிய, மாதத்துக்கு ஒரு தடவை ஊசியில் ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். முடிவு வரும்வரை நீ பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருப்பாய். இப்போது அப்படியில்லை. கழுவி வெளியே போகும் அழுக்குத் தண்ணீர்க் குழாயில் கிளிப் மாதிரி ஒன்று மாட்டியிருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் பாய்கிறது, மறுபக்கத்தில் எவ்வளவு மிச்சம் வந்து சேர்கிறது என்று அது அளக்கிறது. அழுக்கு அந்த வெளிச்சத்தைத் தின்னும். முதல் அரை மணியில் நிறையத் தின்னும், போகப்போகப் பசி குறையும். திரையில் ஒரு கோடு சறுக்குமரம் மாதிரி மெதுவாக இறங்கும். அது ஒழுங்காக இறங்கினால் உடம்பு சுத்தமாகிறது என்று பொருள். மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். அந்தந்த நிமிடமே தெரிந்துவிடும்.

அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. புற ஊதா. நான் அதற்கு 'புறம் பேசும் ஊதா' என்று பெயர் வைத்தேன். உன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியாமல் மிஸ்ஸியிடம் போட்டுக் கொடுக்கிறதல்லவா? நர்ஸ் சாந்தி மிஸ்ஸி சிரித்தார். உனக்கு ஊசி குத்தும்போது கதை சொல்லுவாரே, அதே மிஸ்ஸிதான். "உங்க அண்ணன் இருந்தா இதைவிட நல்லா சொல்லியிருப்பான்" என்றார். பார், அங்கேயும் எனக்கு இரண்டாம் இடம்தான்.

அம்மா இதெல்லாம் எப்படிப் பார்த்தார் என்று கேட்கிறாயா? நீ போன பிறகும் அவர் அங்கே போவதை நிறுத்தவில்லை. செவ்வாய் வந்தால் கால் தானாக அந்தப் படிக்கட்டில் ஏறிவிடுகிறது. "மார்க்கெட்டுக்குப் போறேன்" என்பார். மார்க்கெட்டுக்கு யாராவது டிபன் கேரியர் எடுத்துக்கொண்டு போவார்களா?

கேரியரில் இருப்பது உனக்குச் செய்த அதே சாப்பாடு. உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிச் செய்யும் பிரட்டல். பொட்டாசியம் இறங்குவதற்காக ருசியையும் சேர்த்து இறக்கிவிடும் சமையல். 'சிறுநீரகம்' என்று பெயர் வைத்தவனை நீ திட்டுவாயே. வேலை செய்யும்வரைதான் அது சிறுசு, வேலைநிறுத்தம் செய்தால்தான் அது எவ்வளவு பெருசு என்று தெரியும் என்பாய். அந்தக் கிழங்கை நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவாய். சேகர் கேரியரை வழித்துச் சாப்பிடுகிறான்.

"இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?"

என் அம்மாவை 'அம்மா' என்கிறான். அம்மாவும் "இந்தாய்யா" என்கிறார். எனக்கு 'டேய்'. அவனுக்கு 'அய்யா'.

இப்போது சொல்லப்போவதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறு.

சில மாதத்துக்கு முன்பு சேகருடைய கோடு சரியாக இறங்கவில்லை. சறுக்குமரம் பாதியிலேயே மேசை மாதிரி தட்டையாகிவிட்டது. ஊசியை மாற்றிக் குத்திப் பார்த்தார்கள். அடுத்த முறையும் அப்படித்தான். சாந்தி மிஸ்ஸி அவன் கையைத் தொட்டுப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டார். கையில் ரத்தக் குழாய் குறுகிக்கொண்டு வந்ததாம். கழுவிய ரத்தமே திரும்பத் திரும்ப மிஷினுக்குள் போயிருக்கிறது. துவைத்த சட்டையையே மறுபடி துவைப்பது மாதிரி. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாயை விரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் கோடு அழகாகச் சறுக்கியது.

அண்ணே, உன் கையிலும் அதேதானே நடந்தது? உன் குழாயும் அப்படித்தானே குறுகியது? கால் வீங்கி, மூச்சு வாங்கி, படியேற முடியாமல் நீ நின்ற பிறகுதானே நமக்குத் தெரிந்தது?

மிஸ்ஸியிடம் கேட்டேன். "இந்த லைட் அப்பவே இருந்திருந்தா?"

அவர் ட்ரேயில் பஞ்சை அடுக்கிக்கொண்டே இருந்தார். "முன்னாடியே தெரிஞ்சிருக்கலாம்டா கதிர். தெரியாமலும் போயிருக்கலாம். உங்க அண்ணனுக்கு இதயமும் வீக்."

இரண்டு 'கலாம்'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அன்று அம்மா சந்தோஷத்தில் சேகரின் தலையைத் தடவிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். அவனும் வந்து, சாப்பிட்டுவிட்டு சும்மா இருக்காமல் குளியலறைக் கதவைப் பார்த்து, "என்னம்மா, தாழ்ப்பாள் இல்லையா?" என்று கேட்டான். மீதி வரலாறு உனக்கு முன்னமே அறிவிக்கப்பட்டது.

நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஒருவன் மேல் எரிச்சல் வந்தால் அடிக்க மாட்டாய், ஏய்ப்பாய். நானும் உன் தம்பியல்லவா? வியாழக்கிழமை அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாஸ், இந்த லைட் அழுக்கை மட்டும்தான் பாக்குதுன்னு நெனச்சீங்களா?"

"பின்ன?"

"நீங்க என்னா சாப்பிட்டீங்கன்னு எல்லாம் காட்டும். ரம்புத்தான்னா கோடு லேசா ஆடும். வாழைப்பழம்னா வளையும். டுரியான் சாப்பிட்டீங்க, அவ்வளவுதான். கோடு அந்தப் பழத்தோல் மாதிரியே முள்ளு முள்ளா வந்துரும்."

"அலமாக்! நெசமாவா?"

"மிஸ்ஸி வெளிய சொல்ல மாட்டாங்க. எங்கம்மாகிட்ட மட்டும் காட்டுவாங்க. எங்க அண்ணன் காலத்திலேருந்து அவங்க ரெண்டு பேரும் கூட்டாளி."

அந்தக் கடைசி வரியை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏமாற்று வேலையில் நாம் எப்போதும் ஒரு வரி கூடுதலாகப் போட்டுவிடுகிறோம். பக்கத்து நாற்காலியிலிருந்த சீன அங்கிள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சிரிக்காமல், "டுரியான் வெரி டேஞ்சர் லா" என்று சாட்சி சொன்னார். சேகர் திரையைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் மூன்று நாள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிறகு டுரியான் காலம் வந்தது. பாலோவில் சாலையோரமெல்லாம் குவித்துப் போட்டிருந்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு நிலையத்துக்குப் போனேன். ஜன்னலோர நாற்காலி காலி. அம்மா கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி போன் அடித்துக்கொண்டே இருந்தார், அவன் எடுக்கவில்லை.

"பஸ்ஸை விட்டிருப்பான்" என்றேன்.

"போனை எடுக்காம இருக்க மாட்டான்டா" என்றார் அம்மா. அந்தக் காலி நாற்காலியை அவர் பார்த்த விதத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எப்போது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டுரியான் தின்றிருப்பான், நான் சொன்ன முள்ளுக்குப் பயந்திருப்பான். அவன் ஏன் வரவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை கழுவியது. நடுவில் பொட்டாசியம் நிறைந்த டுரியான். இன்றும் வரவில்லையென்றால் என்ன ஆகும் என்று கிட்னி நோயாளியின் தம்பிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தப்பும். முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது.

உன் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்தேன். காற்றைக் கிழித்தேன் அண்ணே. செம்பனை லோரிகளை எல்லாம் ஓரங்கட்டினேன். பாலோவில் அவன் வீட்டு வாசலில் போய் நின்றபோது என் வேகத்தைப் பார்த்துக் கோழிகள் சிதறின.

சேகர் வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தான். அவன் அப்பா லோரியோடு வெளியூர் போயிருந்தார்.

"ஏன் பாஸ் வரல?"

"வர முடியாதுடா. ஞாயித்துக்கெழமை கூட்டாளிங்களோட ரெண்டு சொளைதான் சாப்பிடப் போனேன். ரெண்டோட நிக்கல." எழுந்து உட்காரப் பார்த்தான். கால் ஒத்துழைக்கவில்லை. "காலு பஞ்சு மாதிரி இருக்கு. வாயெல்லாம் மதமதங்குது."

"அப்ப வாங்க போலாம்!"

"கோடு முள்ளு முள்ளா வருமே. அம்மா பாப்பாங்க. அவ்வளவு தண்ணி மாத்தி மாத்திக் கொட்டி ஆக்கிக் குடுக்கறாங்க. அவங்க மூஞ்சில எப்படிடா முழிப்பேன்? வியாழக்கெழமைக்குள்ள எறங்கிரும், அப்ப வர்றேன்."

"பாஸ், அந்த லைட்டுக்கு டுரியான் தெரியாது. நான் சும்மா சொன்னேன்."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பாசமாகச் சிரித்தான், அதுதான் கொடுமை. "எனக்குத் தெரியும்டா. என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக இப்ப பொய் சொல்ற. நல்ல பையன் நீ."

பொய் சொன்னேன், நம்பினான். உண்மையைச் சொன்னேன், பொய் என்கிறான். என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததேயில்லை. வேறு வழி இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, அவன் காதில் விழும்படி சத்தமாக வைத்தேன்.

"அம்மா, சேகர் டுரியான் சாப்பிட்டுட்டு வீட்டுல படுத்திருக்காரு. கால் தூக்க முடியல. லைட் காட்டிக் குடுத்துரும்னு பயந்துக்கிட்டு வரல. காட்டிக் குடுக்கும்னு சொன்னது நான்தான்."

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உன் மாதிரி வாய் எனக்கு இல்லை. "நீங்க அவருக்குக் கிழங்கு ஆக்கறீங்க" என்றேன். பிறகு, "அண்ணன் நாற்காலி" என்றேன். பிறகு, "அவருக்கு மட்டும் லைட் வந்திருச்சு" என்றேன். எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை.

 சேகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு அம்மாவின் குரல் வந்தது. "சேகரு, கேக்குதாய்யா? நீ டுரியான் தின்னா நான் திட்டுவேன். திட்டு வாங்கறதுக்காவது உசுரோட வா."

போனை மிஸ்ஸி வாங்கிக்கொண்டார். "கதிர், மோட்டார்ல ஏத்தாத, இங்கயும் கொண்டு வராத. நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. டயாலிசிஸ் பேஷன்ட், பொட்டாசியம்னு வாசல்லயே சொல்லு. நானும் கூப்பிட்டுச் சொல்லிடறேன். அந்த லைட் பொட்டாசியத்தையே பாக்காதுடா மடையா!"

அதைக் கேட்டாயா? அது எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நான் ஊரை ஏமாற்றினேன். அவனைக் கொண்டுபோகப் பார்த்த அந்த ஒன்று மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாதாம்.

பிறகு நடந்ததை நம் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், உனக்கும் சொல்கிறேன். சேகரை அப்படியே அலாக்காகத் தோளில் தூக்கினேன். சாலை நடுவில் நின்று ஒரு காரை மறித்தேன். பின்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி வரும்வரை அவன் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாசலில் பொட்டாசியம் என்று நான் கத்திய கத்தலில் இரண்டு டாக்டர்கள் ஓடி வந்தார்கள்.

நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள், அங்கேயே ரத்தத்தையும் கழுவினார்கள். அம்மா வந்து சேர்ந்தபோது அவன் வாய் பேச ஆரம்பித்திருந்தது. அம்மா சொன்னபடியே திட்டினார். நின்று நிதானமாக, பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து கேட்கும் அளவுக்குத் திட்டினார். அவனைத் திட்டி முடித்துவிட்டு என்னைத் திட்டினார். எனக்கு விழுந்ததுதான் நீளம். நீ போனதிலிருந்து அம்மா என்னை இவ்வளவு நேரம் பார்த்துப் பேசியது அன்றுதான்.

அடுத்த வாரம் சேகர் நிலையத்துக்குத் திரும்பினான். நானும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.  கோடு முள்ளில்லாமல் இறங்கிக்கொண்டே வந்தது. அவன் தூங்கிவிட்டான். அந்தக் கோட்டை நான் கடைசிவரை பார்த்தேன் அண்ணே. உனக்கும் இப்படி ஒரு கோடு இருந்திருந்தால் அது எப்படி இறங்கியிருக்கும் என்று மனதுக்குள் வரைந்து பார்த்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும், ஆனால் அது நீயாக இருந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கலாமா? யாரிடம் கேட்பது?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் பள்ளி விட்டதும் அங்கே போய் உட்காருவேன், பொறாமையோடேயே. அந்த வெளிச்சத்தைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன், முள்ளெல்லாம் இல்லாமல்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சின்னத் திருத்தம். தெருவில் யாரிடமும் சொல்லிவிடாதே. உன் மோட்டார் பாதி வழியிலேயே நின்றுவிட்டது, பெட்ரோல் போட மறந்துவிட்டேன். நான் ஓரங்கட்டியதாகச் சொன்ன செம்பனை லோரிகளில் ஒன்றுதான் என்னை ஏற்றிக்கொண்டு போய் பாலோவில் விட்டது. சேகரைத் தூக்கியது, அவன் 'மக்சிக்' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவும் அவர் மருமகனும். நான் தூக்கியது அவன் செருப்பை. காரும் அவர்களுடையதுதான். வாசலில் பொட்டாசியம் என்று சொன்னதும் மக்சிக்தான். நான் செருப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

காரில் நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த என் கையைத்தான் அவன் பிடித்துக்கொண்டு வந்தான். "ஒண்ணும் ஆகாதுடா, அழாத" என்று, குழறிய வாயால். அப்போது நான் அவனை 'பாஸ்' என்று கூப்பிடவில்லை. "அண்ணே, தூங்கிராதீங்கண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். ஒரு தடவை இல்லை. ஆஸ்பத்திரி வரும்வரை.

அதற்குக் கோபம் என்றால் கனவில் வந்து தலையில் குட்டு. வந்தால் போதும்.

கூடப் பிறந்தவன் என்று உனக்கு மட்டுமே சொல்லிக்கொள்ளும்
உன் தம்பி,
கதிர்